பம்பாயில் பொழுது சாயும் நேரம்

பட்டுப்புடவைக் கண்காட்சிக்காகச் சாந்திநாதன் பம்பாய் கிளம்புகிறார். முதல் தடவை. மனைவி மனோன்மணி அவருடைய சட்டைகளை மடித்தபடியே சொல்லச் சொல்ல, ஆரணி ஜவுளிக்கடையில் கணக்கரான அவர் பவ்யமாகக் குறித்துக்கொண்டிருந்தார்.

“ஸ்டேஷன் வாசல் ஓட்டல்ல கை வைக்காதீங்க, விலை ரெட்டிப்பு. மாட்டுங்கா போனா நம்ம சாப்பாடு மலிவா கிடைக்கும். லோக்கல் ரயில்ல கடைசி வரைக்கும் உக்காந்துகினு இருக்காதீங்க, முந்தின ஸ்டேஷன்லயே எழுந்து வாசலாண்ட வந்துடணும்.”

“கண்காட்சியில வேலை முடிய ஆறரை ஆயிடுமே. எப்பச் சாப்பிடறது?”

ஜைனக் குடும்பம், பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை.

“அங்க நம்மூரைவிட அரை மணி கழிச்சுத்தான் பொழுது சாயும். பதறாம சாப்பிடலாம்.”

“களம்பூரைத் தாண்டாதவ, எல்லாம் தெரிஞ்சு வச்சுகினு இருக்கியே!”

“யாரோ சொன்னாங்க.”

“கடைசியா ஒண்ணை விட்டுட்டியே?”

“இன்னாது?”

“‘முதல் சம்பளம் வாங்கின அன்னிக்குக் கடற்கரைக்குப் போய், சூரியன் கடல்ல இறங்கறதைப் பாக்கணும்.’”

மனோன்மணியின் கை அப்படியே நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குப் பம்பாயில் ஒரு வேலை கிடைத்தது. அப்பா அனுப்பவில்லை. விசாரித்து விசாரித்து அவள் எழுதிவைத்த நோட்டின் கடைசி வரி அது.

“பரணைச் சுத்தம் பண்ணப்போ படிச்சேன். அப்புறம்தான் முதலாளிகிட்ட நானா போய்க் கேட்டேன், இந்தத் தடவை என்னை அனுப்புங்கன்னு.”

சட்டைப்பையிலிருந்து ரயில் டிக்கெட்டை எடுத்து வைத்தார். இரண்டு இருந்தன.

“எனக்கு இந்தச் சட்டைங்க போதும். உன் புடவைங்களை எடுத்து வை.”