போர்டில் இறங்காத எண்

ஐம்பத்தெட்டுக் கிலோ மணல் மூட்டையைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, தையற்காரர் ஜிம்மின் மாடிப்படியில் இறங்கி வந்தார்.

கடைசிப் படியிலும் கால் நடுங்கவில்லை. மூட்டையைப் பொத்தென்று போடாமல், மெதுவாகத் தரையில் கிடத்தினார்.

"அடேங்கப்பா! சொன்னதைச் செஞ்சுட்டீங்களே!"

மாஸ்டர் போட்ட சத்தத்தில் எடை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள்.

மாஸ்டருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பின்னே இருக்காதா? நாலு மாதத்துக்கு முன்னால் வந்தபோது இந்த மனுஷனுக்கு இருபது கிலோவுக்கே மூச்சு வாங்கியது. ஐம்பத்திரண்டு வயது, ஒடிந்து விழுகிற உடம்பு.

மாஸ்டரிடம் ஒரு சட்டம் உண்டு. சேருகிற அன்றே குறிக்கோளைச் சொல்லிவிட வேண்டும். "சும்மா உடம்பை ஏத்தணும்" என்று இழுத்தால் நடக்காது, எண்ணாகச் சொல்ல வேண்டும். அந்த எண் சுவர் போர்டில் ஆளுக்கு நேரே ஏறும். முடித்த அன்று மாஸ்டர் தன் கையாலேயே பக்கத்தில் 'சரி' என்று எழுதுவார்.

மற்றவர்கள் கை பதினாறு அங்குலம், மார்பு நாற்பத்திரண்டு அங்குலம் என்றார்கள். தையற்காரர் மட்டும் மாஸ்டரின் காதருகே வந்து, ஐம்பத்தெட்டுக் கிலோ என்றார்.

அது அவர் மனைவியின் எடை. அவளுக்குக் கால் இரண்டும் விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நாலாவது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. கீழே கடை வாசலில் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் தெருவைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அக்கம்பக்கத்தார் தூக்கிவிடுகிறோம் என்றதற்கு முடியவே முடியாது என்றுவிட்டாள்.

"நாலு பேர் தூக்கற நாள் தானா வரும். அதுக்கு முன்னாடி நீங்க ஒருத்தர் தூக்கிட்டுப் போங்க."

அவரும் தூக்கிப் பார்த்தார். மூன்றாம் படியில் இடுப்பு பிடித்துக்கொண்டு, அவள் நெற்றி சுவரில் மோதிவிட்டது.

"நான் சரின்னு சொல்ற வரைக்கும் வீட்டுல தூக்காதீங்க. இன்னொரு தடவை விழுந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து," என்று மாஸ்டர் அன்றே சொல்லிவிட்டார். தையற்காரர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

முதல் மாதம் முடிந்ததும் வந்து நின்றார். போர்டில் ஐம்பது என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். மாஸ்டர் சிரித்து அனுப்பிவிட்டார். பேரம் பேசுகிறவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்!

இரண்டாம் மாதக் கடைசியில், நாற்பது கிலோ மூட்டையோடு படி ஏறி இறங்கிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே மறுபடி வந்தார்.

"நாற்பதுன்னு எழுதிடலாமா மாஸ்டர்? நாற்பது போதும்."

மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாதிக் கிணறு தாண்டிட்டுப் போதும்னா என்னங்க அர்த்தம்? என் போர்டுல நம்பர் ஏறும், இறங்காது."

எல்லார் முன்னாலும்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். தையற்காரரும் சிரிக்கிற மாதிரி ஏதோ செய்துவிட்டு, போய் மூட்டையில் இன்னும் இரண்டு கை மணல் அள்ளிப் போட்டார்.

ஏன் கேட்கிறீர்கள் என்று மாஸ்டர் கேட்கவில்லை. தையற்காரரும் தானாகச் சொல்லவில்லை. ஒருத்தர் அளவை இன்னொருத்தரிடம் சொல்லித் திரியக் கூடாது என்பது அவருக்கு முப்பது வருஷத் தொழில் பழக்கம்.

அதற்குப் பிறகு அவர் பேரமே பேசவில்லை. போன வாரம் பூரா ஆளைக் காணோம். இன்று காலை வந்தார். யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் மூட்டையைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு ஏந்திக்கொண்டார்.

"அன்னைக்கு நான் விட்டுக்கொடுத்திருந்தா இந்த உடம்பு வந்திருக்குமா, சொல்லுங்க!" மாஸ்டர் சாக்பீஸோடு போர்டுக்குப் போனார். பெரிதாக ஒரு 'ச' போட்டார். "இன்னைக்கே தூக்கிட்டுப் போய்க் கடை வாசல்ல உக்கார வைங்க."

தையற்காரர் கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை இறக்கிட்டோம் மாஸ்டர். நாலு பேர் தூக்கினாங்க."

சாக்பீஸ் அப்படியே நின்றுவிட்டது.

"நாலு பேர் தேவையே இல்ல," என்றார் தையற்காரர். முதல் தடவையாக ஓர் அளவை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "முப்பத்தொண்ணுதான் இருந்தா. வாராவாரம் அவ சட்டையைப் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சேன். நாற்பதுன்னு உங்ககிட்ட கேட்டேனே, அன்னைக்கு அவ நாற்பது."

மாஸ்டரால் திரும்பி அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்புறம் எதுக்குங்க இன்னைக்கு இதைத் தூக்கி..."

"தினமும் கேப்பா. இன்னைக்காவது மாஸ்டர் சரின்னு சொன்னாரான்னு."

தையற்காரர் போர்டில் பாதியில் நின்ற எழுத்தைக் காட்டினார்.

"முழுசா எழுதிடுங்க மாஸ்டர். போய்ச் சொல்லணும்."