காட்சிக்கு ஒரு சிலிண்டர்

“சிலிண்டரை இன்னும் கொஞ்சம் முன்னால இழுத்து வைங்க. வர்றவங்க கண்ணுல படணும்” என்றாள் மங்களம்.

சௌந்தரராஜன் இழுத்து வைத்தார். பக்கத்து வீட்டு நஸ்ரினிடம் ஒருநாள் இரவலாக வாங்கிய சிலிண்டர் அது.

உண்மையில் அந்த வீட்டுக்குச் சிலிண்டரே தேவையில்லை. ஹைதராபாத்தில், தெருக்கோடியில் இருந்த கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவர் மேற்பார்வையாளர். சாக்கடைச் சேற்றோடு மார்க்கெட்டில் அழுகிப்போன காய்கறிகளையும் சேர்த்து, காற்றுப் புகாத தொட்டியில் அடைத்துப் புளிக்க வைப்பார்கள். அதில் கிளம்பும் வாயு, சோதனைக்காகப் போட்ட ஒரு குழாய் வழியாக நேரே மங்களத்தின் அடுப்புக்கு வந்துகொண்டிருந்தது.

“இதைக் கேட்டதும் ரெண்டு வரன் பஜ்ஜியைத் தட்டுலயே வெச்சிட்டு எழுந்து போயாச்சு. இதாவது முடியணும்னா நீங்க வாயைத் திறக்கக் கூடாது.”

“அதுல வாசனையே கிடையாது மங்களம். சுத்தமான மீத்தேன்…”

“மீத்தேன்னு இன்னொரு தடவை சொன்னீங்க, நான் மௌலா அலிக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்.”

“நக்கோம்மா, வேணாம்! கைக்கு இந்த டிராமா, எதுக்கு? கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா என்ன பண்ணுவே?” என்றாள் மகள் அக்ஷதா.

“அப்ப பாத்துக்கலாம். நீ தலையைக் குனிஞ்சு நில்லு, போதும்.”

மாலை நாலரைக்குத் திருமுல்கேரியிலிருந்து மாப்பிள்ளை ராஜீவும் அவன் அம்மா வேதாவும் வந்தார்கள். பையனுக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். அவனுக்கு முன்னால் அவன் பூசியிருந்த அத்தர் உள்ளே நுழைந்தது.

“சார் எந்த டிபார்ட்மெண்ட்?” என்று வேதா கேட்டாள்.

“தண்ணி சம்பந்தப்பட்டதுங்க” என்று மங்களம் முந்திக்கொண்டாள். “தம்பிக்கு வேலையெல்லாம் எப்படி?”

“ஞாயித்துக்கிழமைகூட ஓயறதில்லைங்க” என்று வேதாவும் முந்திக்கொண்டாள்.

சௌந்தரராஜனும் ராஜீவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து வைத்தார்கள்.

பஜ்ஜி வந்தது. தீர்ந்தது. “நீங்க உக்காருங்க, நானே எடுத்துக்கறேன்” என்று உரிமையோடு சமையலறைக்குள் போன வேதா, அங்கேயே நின்றுவிட்டாள். மங்களமும் அக்ஷதாவும் பின்னாலேயே ஓடினார்கள்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வாணலியில் எண்ணெய் கொதித்தது. ஆனால் சிலிண்டரின் வாயில் ஏஜென்சி போட்ட சீல் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. நஸ்ரினின் காஸ் கொஞ்சமும் செலவாகிவிடக் கூடாதென்று மங்களம் அதைத் தொடவேயில்லை.

“என்னங்க இது? சீலே உடைக்கலை. அடுப்பு எப்படி எரியுது?”

அக்ஷதா குனிந்த தலையை நிமிர்த்தினாள்.

“ஆன்ட்டி, அது சும்மா காட்டறதுக்கு வெச்சது. எரியறது அந்தத் தெருக்கோடி பிளாண்ட்டோட காஸ். சாக்கடைச் சேறு, அழுகின காய், ரெண்டுலேர்ந்தும் வருது. அப்பா வேலையே அதான். எனக்கு அதுல வெக்கம் இல்ல. உங்களுக்குப் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க.”

வேதா கையிலிருந்த தட்டை மேடைமேல் வைத்தாள். கூடத்துப் பக்கம் திரும்பினாள்.

“ராஜீவ்! எழுந்து இங்க வா.”

மூன்றாவதும் போயிற்று என்று மங்களம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சமையலறை வாசலில் வந்து நின்ற மகனிடம் வேதா சொன்னாள்: “இந்தப் பொண்ணு உள்ளதை உள்ளபடி சொல்லிட்டா. இனிமே நாம மூடி மறைக்கறது நல்லால்ல. நீயும் சொல்லிடுடா.”

ராஜீவ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“ஆட்குறைப்புல என் வேலை போய் ஒரு வருஷம் ஆச்சுங்க. இப்ப மாதாப்பூர் அபார்ட்மெண்ட்டுகள்ல செப்டிக் டேங்க் உறிஞ்சி எடுக்கற லாரி ரெண்டு வெச்சிருக்கேன்” என்றவன், எரிகிற அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டுக் கூச்சத்தோடு முடித்தான்: “தினமும் டிரைவருங்க கொண்டு வந்து கொட்டறது உங்க பிளாண்ட்லதாங்க.”