கோணல் குழல்

கடற்கரைப் பலூன் கடையில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. பழையதன் குழல் சற்றே கோணல். இன்றும் யாரும் தொடவில்லையென்றால் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"இப்போதே கும்பிட்டுக் கிளம்பு, அக்கா," என்று புதியது சீண்டியது.

மாலையில் ஒரு டீச்சரம்மா வந்தாள். புதியதை எடுத்துப் பத்துக்குப் பத்து சுட்டுவிட்டுக் கொட்டாவி விட்டாள். பிறகு, போனால் போகிறதென்று பழையதை எடுத்தாள். சிவப்பைக் குறிவைத்தாள், இடப்பக்கத்து மஞ்சள் வெடித்தது.

"அடி கள்ளி, நீ அப்படிப் போகிறவளா?" என்று சிரித்தபடி, வலப்பக்கத்து நீலத்தைக் குறிவைத்தாள். சிவப்பு வெடித்தது. டீச்சரம்மா செருப்பை உதறிவிட்டுக் குதித்தாள். பலூன்கள் தீரும்வரை பழையதை அவள் கீழே வைக்கவே இல்லை.

"அக்கா," என்றது புதியது மெதுவாக, "இந்தக் குழலை எங்கே வளைத்துக்கொண்டாய்?"