நாலாவது வீட்டில் பிடிபட்ட வலை

மலேரியாக் கணக்கெடுக்க வந்த மேடத்துக்கு முதல் வீட்டிலேயே ஏக சந்தோஷம்.

"நேத்து ராத்திரி குழந்தை கொசுவலைக்குள்ள தூங்குச்சாம்மா?"

"ஆமாங்க மேடம்."

"காட்டுங்க. கண்ணால பார்த்தாத்தான் டிக் போடுவேன்."

காட்டினார்கள். டிக். இரண்டாவது வீட்டில் வலை அறைக்குள் அடங்காமல் வாசல்வரை வழிந்தது. அதற்கும் டிக். மூன்றாவது வீட்டுக்காரிக்கு மூச்சு வாங்கியது.

"என்னம்மா, எங்கேயாவது ஓடிட்டு வந்தியா?"

"ஐயோ, இல்லீங்களே!"

நாலாவது வீட்டில் குட்டு வெளிப்பட்டுவிட்டது. வலை ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். மூன்று வீட்டிலும் பார்த்த அதே பொத்தான். பின்கதவு வேறு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

மேடத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"ஒரே வலையை வீடு வீடா ஓட விட்டு, என் காதுலேயே பூ சுத்தறீங்களா? பெத்த பிள்ளை விஷயத்துலயா பொய் சொல்றது? 'எல்லாம் பொய்'னு நான் எழுதிட்டா, இனிமே இந்தத் தெருவுக்கு ஒரு வலைகூட வராது, தெரியுமா?"

சத்தம் கேட்டு மற்ற வீட்டு அம்மாக்களும் ஓடி வந்தார்கள். மேடம் அவர்கள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க. ரத்தம் பொய் சொல்லாது."

பதினொரு வாண்டுகள் வந்தன. ஆளுக்கு ஒரு விரலில் ஒரு சொட்டு ரத்தம். ஊசியைப் பார்த்ததுமே ஒரு குட்டிப்பெண் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் முடிவு தெரிந்தது. ஒருவருக்கும் மலேரியா இல்லை! போன தடவை இதே தெருவில் ஆறு குழந்தைகள் காய்ச்சலில் கிடந்தன.

அம்மாக்கள் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சித் தீர்த்தார்கள். மேடத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"சந்தோஷம்தான். ஆனா தெருவுக்கே ஒரு வலையை வச்சுக்கிட்டு இது எப்படிம்மா?"

நாலாவது வீட்டுக்காரி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பிள்ளைங்க வலைக்குள்ள தூங்குச்சுன்னு சொன்னது பொய் இல்லீங்க மேடம். வீட்டுக்கு வீடு வலையைக் காட்டுன்னா, ஓடாம என்ன செய்யறது? வந்தது நாலு வலை, பிள்ளைங்க பதினொண்ணு. எங்க தெரு டெய்லரக்கா நாலையும் ஒண்ணாத் தைச்சு, அவங்க கூடத்துல கட்டிட்டாங்க. ராத்திரி பதினொரு பிள்ளைங்களும் அதுக்குள்ளதான் தூங்குதுங்க. நாங்க முறை போட்டுக் கூடப் படுத்துக்கறோம். எது எந்த வீட்டு வலைன்னு இப்ப எங்களுக்கே தெரியாதுங்க!"