பதினைந்தாவது பிள்ளை

"தமிழ் டீச்சரே தன் மகளுக்குத் தமிழ் வேணாம்னுட்டா, அப்புறம் எவன் சார் தமிழ் படிப்பான்?"

சொக்கநாதன் மேசையைத் தட்டின தட்டில் பிரின்சிபாலின் டீ கிளாஸ் ஒரு துள்ளு துள்ளியது.

அவனியாபுரத்தில் இருக்கிற அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆபீஸ் அறைக்குள் பெற்றோர் ஏழெட்டுப் பேர் திரண்டு வந்திருந்தார்கள். எல்லார் பிள்ளைகளும் பிளஸ் ஒன். சொக்கநாதன்தான் தலைமை. ஊரில் தமிழ் மன்றம் நடத்துகிறவர். தெருவில் நின்று பேசினாலும் மேடையில் நிற்கிற மாதிரிதான் பேசுவார்.

மேசைக்கு ஓரமாகத் தலை குனிந்து நின்றாள் தமிழ்வாணி டீச்சர்.

பத்தாவது வரைக்கும் எல்லாரும் தமிழ் படித்தாக வேண்டும். பிளஸ் ஒன் வந்துவிட்டால் தமிழோ பிரெஞ்சோ, அவரவர் இஷ்டம். டீச்சரின் மகள் பிரெஞ்சில் சேர்ந்திருந்தாள். அதுதான் குற்றம்.

"பேரு மட்டும் தமிழ்வாணி!" என்றாள் வந்தவர்களில் ஒருத்தியான ஸ்யாமளா. "முதல்ல அந்தப் பேரை மாத்திக்கச் சொல்லுங்க சார்."

எல்லாரும் சிரித்தார்கள். தைரியம் வந்து அவளே தொடர்ந்தாள்.

"கிளாஸ்ல நின்னுக்கிட்டுத் தேன், அமுதுன்னு பாடம் எடுக்குறது. வீட்டுக்குப் போனா பொண்ணு பிரெஞ்சுல பொஞ்சூர்ங்குது. இது ஊரை ஏமாத்துற வேலை இல்லையா?"

"அம்புட்டும் மார்க்குக்காகத்தான்" என்றார் பின்னால் நின்ற ஒருவர். "பிரெஞ்சுல நாலு வரி எழுதினாப் போதும், அள்ளிப் போடுறாங்கல்ல!"

டீச்சர் முந்தானை முனையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள்.

பிளஸ் ஒன் படிக்கிற தன் மகளுக்கு லீவு கேட்டு வந்து நாற்காலியில் காத்திருந்த சேக் இஸ்மாயில் எழுந்தார். விளக்குத்தூண் பக்கம் துணிக்கடை வைத்திருப்பவர்.

"அண்ணே, டீச்சர் என்ன சொல்றாங்கன்னு ஒரு வார்த்தை கேப்போமே."

"இது தமிழ் விஷயம் பாய். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் சொக்கநாதன்.

இஸ்மாயில் உட்கார்ந்துவிட்டார். சொக்கநாதன் பிரின்சிபால் பக்கம் திரும்பினார்.

"முடிவாச் சொல்றேன் சார். ஒண்ணு, இன்னைக்கே அந்தப் பொண்ணைத் தமிழுக்கு மாத்தணும். இல்லேன்னா இந்த டீச்சரை மாத்தணும். மாட்டேன்னா நிர்வாகத்துக்கிட்டப் போவோம், பேப்பர்ல போடுவோம். தாய்மொழின்னா எங்களுக்கு உசிரு சார், உசிரு!"

பிரின்சிபால் டீச்சரைப் பார்த்தார்.

"நான் சொல்லிரட்டுமா டீச்சர்?"

"வேணாம் சார்." அவள் தலை நிமிர்ந்தாள். "மகளை இன்னைக்கே தமிழுக்கு மாத்திர்றேன். அவளும் அதைக் கேட்டுத்தான் அம்புட்டு அழுதா. சந்தோஷமா வந்துருவா."

"அப்படி வாங்க வழிக்கு!" என்று சொக்கநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

இஸ்மாயிலுக்குத்தான் பொறுக்கவில்லை. "தமிழ்தான் வேணும்னு அழுத பிள்ளையை எதுக்கும்மா பிரெஞ்சுக்கு அனுப்புனீங்க?"

அவளுக்குப் பதிலாகப் பிரின்சிபால் சொன்னார்.

"பதினஞ்சு பிள்ளைக இருந்தாத்தான் பிரெஞ்சு வகுப்பு நடத்தணும்னு நிர்வாகம் சொல்லியிருக்கு. சேர்ந்தது பதினாலு. வகுப்பை மூடப் போறோம்னு சொன்ன அன்னைக்கு, அம்புட்டுப் பிள்ளைகளும் ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னு கண்ணைக் கசக்குதுக. பிரெஞ்சு மிஸ் அப்சானா, புதுசா வேலைக்கு வந்த பொண்ணு, வேலை போச்சுன்னு பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிருச்சு. டீச்சருக்கு மனசு கேக்கலை. பதினஞ்சாவது பிள்ளையாத் தன் மகளைக் கொண்டாந்து உக்கார வச்சாங்க. யாருக்கிட்டயும் சொல்லாதீங்கன்னும் கேட்டுக்கிட்டாங்க."

ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"சரி, அதனால என்ன? அய்யா சொல்றதும் நியாயந்தான். டீச்சர் மக தமிழுக்கு வந்துரட்டும். பிரெஞ்சை மூடிருவோம். மிச்சம் பதினாலு பிள்ளைகளும் திங்கக்கிழமையிலேருந்து தமிழ் வகுப்புல உக்காரட்டும். தாய்மொழிதானே?"

"அதெப்படி சார், திடீர்னு..." என்று ஆரம்பித்த ஸ்யாமளா, முடிக்காமல் சொக்கநாதனின் முகத்தைப் பார்த்தாள்.

சொக்கநாதன் தொண்டையைச் செருமினார். இவ்வளவு தாழ்ந்த குரல் அவரிடம் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது.

"டீச்சரம்மா, அவசரப்பட வேணாம். ஒரு பாஷை கூடத் தெரிஞ்சா பாப்பாவுக்கு நல்லதுதானே? அது அங்கயே படிக்கட்டும்."

"ஏண்ணே, இப்பத்தானே உசிருன்னீக?" என்றார் இஸ்மாயில்.

"உசிருதான் பாய், யாரு இல்லேன்னா? ஆனா மார்க்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

டீச்சர் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தாள். உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. மீனாட்சியம்மனைக் கூப்பிட்டிருப்பாள்.

"சரிங்கய்யா. மக அங்கயே இருக்கட்டும். வீட்டுல நான் சமாதானப்படுத்திக்கிறேன். இப்ப எனக்குக் கிளாஸ் இருக்கு, போறேன்."

அவள் போனதும் எல்லாரும் ஒருவர் பின்னால் ஒருவராகக் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றார் பிரின்சிபால். "தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். இங்க இருக்கிறவங்கள்ல யாரு பிள்ளை தமிழ் படிக்குது? கையைத் தூக்குங்க, பார்ப்போம்."

எல்லாரும் சொக்கநாதனைப் பார்த்தார்கள். சொக்கநாதன் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார்.

நாற்காலியில் இருந்தபடியே கையைத் தூக்கினார் சேக் இஸ்மாயில்.