காணவில்லை: ஒரு சேவல்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவியோடு உறவினர் வீட்டிலிருந்து திரும்பிய விளம்பர எழுத்தாளர், கதவைத் திறந்ததும் வழக்கம்போல் கூடத்துச் சுவரை அண்ணாந்து பார்த்தார். மணி ஆறு. சேவல் கூவவில்லை. கூவுவதற்குச் சேவலே இல்லை. ஆணி மட்டும் இருந்தது.

"ஐயையோ, சேவலைக் காணோமே!"

அது அவருடைய அக்கா ஆசையாய் வாங்கிக் கொடுத்த சுவர்க் கடிகாரம். மணிக்கொரு முறை கண்ணை உருட்டி, இறக்கையை அடித்து, தெருமுனை வரை கேட்கும்படி கூவும். பன்னிரண்டு மணி என்றால் பன்னிரண்டு கூவல். அவருக்கு அதன்மேல் உயிர்.

வீடு முழுக்கச் சுற்றி வந்தார். டிவி இருந்தது. மனைவியின் வளையல்கள்கூட மேஜைமேலேயே கிடந்தன. பூட்டில் ஒரு கீறல் இல்லை. கைதேர்ந்த திருடன், அதிலும் ரசனையுள்ளவன் என்று முடிவுகட்டினார்.

"போலீசுக்குப் போலாமா?"

"ஒரு கடிகாரத்துக்கா? சிரிப்பாங்க" என்றாள் மனைவி. "ஆனா சனிக்கிழமை உங்க அக்கா வர்றாங்களே. தேடுனீங்களான்னு கேப்பாங்க. ஒரு நோட்டீஸ் எழுதித் தெருவுல ஒட்டிருங்க."

"எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்கா, பிரமாதமா எழுதுவா. அவளை விட்டு..."

"வேண்டவே வேண்டாம்! நீங்கதான் எழுதணும். வேற யாரும் கை வைக்கக் கூடாது."

இரண்டு நாள் முன்புதான் மேனேஜர் கூப்பிட்டு, "நீங்க எழுதின கொசுவத்தி விளம்பரத்தால கொசுவுக்குத்தான் சார் லாபம். இன்னும் ஒரு வாரத்துல உங்க எழுத்து ஒரே ஒரு ஆளையாவது அசைக்கலைன்னா, வேற வேலை பாத்துக்குங்க" என்று சொல்லியிருந்தார். உலகமே கைவிட்டாலும் வீட்டில் ஒருத்தி நம்புகிறாளே!

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். எதிரே ஒரே ஒரு ஆள் இருப்பதாக நினைத்து அவருக்கு மட்டும் எழுத வேண்டும் என்பது அவர் தொழிலின் பாலபாடம். மற்றவர்கள் நோட்டீஸை வழியில் போகிறவர்களுக்கு எழுதுவார்கள். வழியில் போகிறவனுக்கு என்ன அக்கறை? இவர் திருடனுக்கு எழுதினார். ஐந்து முறை கிழித்துப் போட்டு, ஆறாவதில் சரியாக வந்தது.

'சேவலை எடுத்துச் சென்றவருக்கு,

உங்கள்மேல் கோபமில்லை. பிடித்திருந்தது, எடுத்தீர்கள். ஆனால் அது மணிக்கொரு முறை கூவும். கூவும்போதெல்லாம் உங்கள் வீட்டில் யாராவது, "இது ஏது?" என்று கேட்பார்கள். கேட்பது உங்கள் குழந்தையாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

கதவைத் தட்டுங்கள். நாங்கள் எதுவும் கேட்க மாட்டோம்.'

மனைவி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "அருமை. ஒரு எழுத்தைக்கூட மாத்தாதீங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் தெரு முழுக்க ஒட்டினார். செவ்வாய் போனது. புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் யாரோ கதவைத் தட்டினார்கள்.

குழாய் ரிப்பேர்காரர் நின்றிருந்தார். அந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை வந்து சமையலறைக் குழாயைப் பார்த்துவிட்டுப் போனவர். கையில், போர்வையில் சுற்றிய சேவல்.

"மன்னிச்சிருங்க சார். நான்தான் எடுத்தேன். உங்க நோட்டீஸைப் படிச்சதுலேர்ந்து சோறு இறங்கல. நேத்து என் பொண்ணு கேட்டுட்டா சார், 'இது ஏதுப்பா'ன்னு. அச்சு அசலா நீங்க எழுதின மாதிரியே!" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

எழுத்தாளர் திருடனை இறுகக் கட்டிக்கொண்டார். "எந்த வரியில மனசு மாறுச்சு? முதல் வரியா, கடைசியா?"

"குழந்தை வரி சார்."

"நான் நினைச்சேன்! இதையே நாளைக்கு எங்க மேனேஜர்கிட்ட ஒரு தடவை சொல்ல முடியுமா?"

குழாய்க்காரர் எழுத்தாளரின் மனைவியை ஒரு முறை பார்த்தார். உடனே தலையைக் குனிந்துகொண்டு இரண்டிரண்டு படியாய் இறங்கி ஓடிப்போனார்.

சேவல் ஆணியில் ஏறியது. சொல்லிவைத்தாற்போல் மணி ஏழு அடித்தது. கண்ணை உருட்டி, இறக்கையை அடித்து அது கூவ, எழுத்தாளரும் கையை அடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஆடினார்.

"பாத்தியா? என் எழுத்து ஒரு திருடனையே திருத்திருச்சு!"

மனைவி சோபாவில் சரிந்து கிடந்தாள். அவள் கண்ணில் தண்ணீர். ஆனந்தக் கண்ணீர்தான் என்று அவர் பூரித்துப்போனார். ஏழாவது கூவல் ஓயும்வரை காத்திருந்து அவள் வாயைத் திறந்தாள்.

"இல்லாத ரிப்பேருக்கு மூணு தடவை வரவழைச்சு, கெஞ்சிக் கூத்தாடி, கையில சாவியையும் குடுத்து, அந்த மனுஷனை இதைத் தூக்கிட்டுப் போக வச்சேன். உங்க விளம்பரத்தைப் பாத்து இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு கொசுவத்திகூட வாங்கினதில்லையே, அந்த ஒரே தைரியத்துலதானே உங்களையே எழுதச் சொன்னேன்!"