சொல்மேகத்தில் தண்ணீர்

காலமான பெரியவர் க்வாசிகாவின் அஞ்சலித் தளத்தில் எசினம் சொல்மேகத்தைச் சேர்த்தாள். அதிகம் பேர் எழுதிய சொல் பெரிதாகத் தெரியும். நடுவில் 'தண்ணீர்' என்று வந்தது. இரங்கல்களில் ஒருவரும் அப்படி எழுதியிருக்கவில்லை. நிரலைத் திருத்தினாள். சொல் இன்னும் பெரிதாயிற்று.

சொந்த ஊர் தூரமென்று நாளை தலைநகர் அக்ராவிலேயே அடக்கம், குழி வெட்டியாகிவிட்டது.

"எங்க தப்புன்னே புரியலக்கா. நாளைக்கு எல்லாரும் பார்ப்பாங்க."

க்வாசிகாவின் மகள் ஜிஃபா திரையைப் பார்த்தாள்.

"ஏண்டி, வந்த மனுஷனுக்கு முதல்ல தண்ணி கொடுக்கணும்னு தெரியாதா? அப்புறந்தானே விஷயம் கேக்கணும்?"

கணினி முன்னால் ஒரு குவளை நீரை வைத்தாள்.

சொல் சுருங்கி மறைந்தது. குவளையில் பாதிதான் இருந்தது.

ஜிஃபா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப சொல்லுங்கப்பா. என்ன விஷயமா வந்தீங்க?"

திரையில் 'ஊருக்கு' என்ற சொல் மெல்லப் பெரிதாகத் தொடங்கியது.